கோட்டைமலை: பார்க்கலாம், ஏறலாமா?

ராஜபாளையத்தில் நின்றாலும் மலை தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றாலும் மலை தெரியும். பஞ்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். மழை வருமா, வராதா என்று தெரிந்துகொள்ள விவசாயி முதலில் நிமிர்ந்து பார்ப்பதும் அந்த மலையைத்தான்.

ஆனால், "அதோ, மேகத்துக்குள் ஒளிந்து கிடக்கிறதே, அந்த உச்சிக்கு என்ன பெயர்?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குச் சொல்லத் தெரியாது. "மேற்கு மலை" என்பார்கள். அதற்கு மேல் பதில் வராது.

அந்தத் தொடரில் உயர்ந்து நிற்கும் சிகரத்தின் பெயர் கோட்டைமலை. கேரளத்தில் கோட்டமலை என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மலை ஏறும் ஆசை இப்போது வேகமாகப் பரவி வருகிறது. வாலிபர்கள் மட்டும் அல்ல, குடும்பத்தோடும் கிளம்புகிறார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசே 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி முன்பதிவு செய்தவர்களை வழிகாட்டியோடு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. மொத்தம் 14 மாவட்டங்கள். விருதுநகர் மாவட்டமும் அவற்றில் ஒன்று.

அடிவாரத்தில் நடக்கலாம் என்றால் உச்சிக்கு ஏன் போகக்கூடாது? நம் ஊர் மலையில் நாம் ஏறுவதற்குத் தடை எதற்கு? நியாயமான கேள்விதான். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

அண்ணனும் தம்பியும்

கோட்டைமலையின் உயரம் 2,019 மீட்டர். அடிக்கணக்கில் சொன்னால் 6,600 அடிக்குச் சற்று மேல். தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லை முகட்டில் அது இருக்கிறது. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். அந்தக் காப்பகத்திலேயே உயரமான சிகரம் இதுதான். கிழக்கே நம்முடைய காடு.

இவ்வளவு இருந்தும் இதற்குப் பெயரும் புகழும் இல்லை. காரணம், மேற்குத் தொடர்ச்சி மலையில் இதற்கு அண்ணன்மார் பலர் இருக்கிறார்கள். மூணாறு பக்கத்தில் உள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இடம் பிடித்தவை அவை. தொட்டபெட்டாவுக்கு ஊட்டியில் இருந்து காரிலேயே போய்விடலாம். கோட்டைமலைக்குக் கார் ரோடு கிடையாது. தங்கும் விடுதி இல்லை. சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்கவும் போவதில்லை.

பக்கத்தில் வேறு சிகரங்களும் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு பேய்மலை மொட்டை என்று பெயர். பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். உச்சியில் பெரிய மரம் இல்லாமல் புல் மட்டும் இருக்கும் குன்றை மலை ஜனங்கள் 'மொட்டை' என்பார்கள். பேயைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை!

மேலே என்ன இருக்கிறது?

ராஜபாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 6,000 அடி. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஆகவே, ராஜபாளையத்தில் 38 டிகிரி வெயில் கொளுத்தும் நாளில், மலை உச்சியில் 26 அல்லது 27 டிகிரிதான் இருக்கும். ஒரே மாவட்டத்தில் இரண்டு தட்பவெப்பம்!

அடிவாரத்தில் முள் காடு. கொஞ்சம் ஏறினால் இலை உதிர்க்கும் காடு. இன்னும் ஏறினால் எப்போதும் பசுமையாக இருக்கும் காடு. அதற்கும் மேலே புல்வெளி. புல்வெளியின் மடிப்புகளில், நீரோடும் பள்ளங்களில், குட்டை மரங்கள் அடர்ந்து நிற்கும். இதைச் சோலைக்காடு என்கிறார்கள்.

அந்தப் புல்வெளியில் வாழ்வது வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. செங்குத்தான பாறையில் கால் வழுக்காமல் ஓடும். மனிதர்கள் வேட்டையாடியும், புல்வெளிகளை அழித்து மரம் நட்டும் அதன் கூட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். 2024-ல் தமிழ்நாட்டில் கணக்கெடுத்தபோது 1,031 ஆடுகள் இருந்தன. 2025-ல் கேரளமும் தமிழ்நாடும் ஒரே சமயத்தில் எண்ணின. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. மொத்தம் 2,668. ஒரு சிறிய கிராமத்தின் ஜனத்தொகைதான்!

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளும் வரையாட்டின் வீடுகளில் ஒன்று. கணக்கெடுக்கும் வன இலாகா ஊழியர்கள்தான் இந்த முகடுகளில் உண்மையான மலையேறிகள். அரிசி, பருப்பு, போர்வை எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். ஆட்டை எண்ணிவிட்டு இறங்குகிறார்கள். அவர்கள் படத்தை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை.

கீழே உள்ள காட்டில் இன்னொரு பிரமுகர் இருக்கிறார். சாம்பல் நிற மலை அணில். சாதாரண அணிலைப் போல அல்ல. வாலோடு சேர்த்தால் ஒரு பூனை நீளத்தைத் தாண்டும். மரக்கிளையை விட்டுத் தரைக்கு இறங்குவது அபூர்வம். இந்த அணிலைக் காப்பதற்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2021 பிப்ரவரியில் அந்தச் சரணாலயமும் தேனி மாவட்டத்து மேகமலைச் சரணாலயமும் சேர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டில் இது 5-வது புலிகள் காப்பகம். இந்தியாவில் 51-வது. பரப்பு 1,016 சதுர கிலோ மீட்டர்.

சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோட்டைமலை இருப்பது இப்படிப்பட்ட காட்டுக்குள்ளேதான். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. அந்தச் சட்டம் நியாயமா என்பதுதான் பேச்சு.

குழாயில் வருவது எங்கே இருந்து?

இந்த விஷயத்தில் புலியை விட, ஆட்டை விட, வீட்டுக் குழாய்தான் முக்கியம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அரபிக் கடலில் இருந்து வரும் மேகங்கள் மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிடும். கிழக்கே இருக்கும் நமக்குக் காற்றும் சாரலும்தான் மிச்சம். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவ மழை. கண்மாய்கள் நிறைவது அதில்தான். அந்த மழை இரண்டு, மூன்று மாதத்தோடு முடிந்துவிடும். அப்படியானால், மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் மலை ஓடையில் தண்ணீர் எப்படி வருகிறது?

புல்வெளியும் சோலையும் செய்கிற வேலை அது. தாய்மார்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம்: வெறும் சிமெண்டுத் தரையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் உடனே ஓடிப் போகும். நனைத்த சாக்கின் மேல் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக நெடுநேரம் வடியும். உச்சியில் இருக்கும் புல்லும், சோலையின் இலை மக்கிய கறுப்பு மண்ணும் அந்தச் சாக்கு. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. புல் எரிந்தால், மண் இறுகினால், சாக்கு சிமெண்டுத் தரை ஆகிவிடும். மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி.

கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் வைப்பாற்றுக்குச் சேருகின்றன. ராஜபாளையம் பக்கத்தில் அய்யனார் கோவில் வழியாக இறங்கும் முடங்கியாறும் அவற்றில் ஒன்று. ராஜபாளையம் நகரின் குடிநீருக்கு நெடுங்காலமாகக் கைகொடுக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்த மலைத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் நிறைவதும் மலைத் தண்ணீரால்தான்.

மேற்குச் சரிவில் விழுந்த தண்ணீர் கேரளத்துக்குப் போய்விடுகிறதே என்று நினைக்கலாம். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது பெரியாற்றில் சேர்ந்து அணைக்கு வருகிறது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. அங்கிருந்து சுரங்கம் வழியாக மலையைக் குடைந்துகொண்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. தேனி மாவட்டத்துக்குப் பாய்ந்து, வைகையில் கலந்து, மதுரைக்குப் போகிறது. மலையின் எந்தப் பக்கத்தில் மழை விழுந்தாலும் நமக்கு அதில் பங்கு உண்டு!

ஒரு சிலர் மலை ஏறினால் இதெல்லாம் கெட்டுவிடுமா என்று கேட்கலாம். பத்துப் பேர் ஏறினால் ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தக் காலத்தில் பத்துப் பேரோடு எதுவும் நிற்பதில்லை. இதற்குச் சாட்சி தேட வெகு தூரம் போக வேண்டாம்.

கூமாப்பட்டியில் நடந்தது

வத்திராயிருப்புப் பக்கத்தில் கூமாப்பட்டி என்று ஓர் ஊர். மலை அடிவாரத்தில் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும். 2025 ஜூன் வரை சுற்று வட்டாரத்தைத் தாண்டி அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

உள்ளூர் வாலிபர் ஒருவர் தன் ஊரைப் புகழ்ந்து, வரும்படி அழைத்து, செல்போனில் படம் எடுத்து வெளியிட்டார். சில நாட்களில் தமிழ்நாடு முழுவதும் அதே பேச்சு. வெளியூர்களில் இருந்து ஜனங்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் அது ஒரு சாதாரணக் கிராமம். தண்ணீரைத் தேடிப் பிளவக்கல் அணைப் பக்கம் போனார்கள். அங்கே குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த வாலிபர் மீது குற்றம் சொல்ல எதுவும் இல்லை. தன் ஊரைப் புகழாதவர் யார்? கூமாப்பட்டிக்கு ரோடு இருக்கிறது, பஸ் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. அதனால் நிலைமையைச் சமாளிக்க முடிந்தது. இதே கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைமலைக்குக் கிளம்பினால்? குடிதண்ணீர் யார் கொடுப்பது? கால் ஒடிந்தவரை யார் தூக்கி வருவது? விட்டுவிட்டு வந்த பிளாஸ்டிக்கை யார் பொறுக்குவது? ஒரே ஒரு பீடித் துண்டு போதும், மலைப் புல்லுக்கு.

தீயும் வெள்ளமும்

இது வெறும் பயம் காட்டும் பேச்சு அல்ல. 2018 மார்ச் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலை. சென்னையில் இருந்து ஒரு கோஷ்டியும், ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்து இன்னொரு கோஷ்டியும் மலை ஏறி இருந்தார்கள். பெண்கள் அதிகம். படித்தவர்கள், உத்தியோகம் பார்க்கிறவர்கள். அவர்கள் போன கொழுக்குமலைப் பாதைக்கு முறையான அனுமதி இருக்கவில்லை. இறங்கும் வழியில் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. ஆள் உயரப் புல். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. அப்படியும் 23 பேர் உயிர் இழந்தார்கள்.

மலைத் தீயைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. சமவெளியில் தீ பரவுவதை விட மலைச் சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். கீழே எரியும் ஜுவாலை மேலே இருக்கும் புல்லைச் சூடாக்கி, காயவைத்து, தயாராக வைத்துவிடுகிறது. மேலே ஏறித் தப்பலாம் என்று நினைத்து ஓடுகிறவரைத் தீ முந்திக்கொள்ளும். பள்ளத்தில் இறங்கினால் புகை அடைக்கும். பழகிய வழிகாட்டி இருந்தால், புல் இல்லாத பாறை எங்கே என்று அவருக்குத் தெரியும். பாதை தெரியாதவருக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான்.

வெள்ளமும் அப்படித்தான். 2015 மே மாதம் அமாவாசை அன்று சதுரகிரிக்குப் போன பக்தர்கள் மலையில் இருந்து இறங்கும்போது ஓடையில் திடீர் வெள்ளம் வந்தது. சிலர் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மழை பெய்துகொண்டிருக்கும். முழங்கால் அளவு ஓடை சிறிது நேரத்தில் ஆள் மட்டத்துக்கு வந்துவிடும். அய்யனார் கோவிலுக்குப் போய், ஆற்றைத் தாண்ட முடியாமல் அக்கரையில் நின்று தவிப்பதும் ராஜபாளையம் பக்கத்து ஜனங்களுக்குப் புதிது அல்ல.

குரங்கணிக்குப் பிறகு, 2018-லேயே மலை ஏற்றத்துக்கு அரசாங்கம் தனி விதிகளை வகுத்தது. பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம் ஆயின. 2024-ல் வந்த 40 பாதைத் திட்டம் அந்த விதிகளுக்குப் பிறகு பிறந்த குழந்தை. தீ பிடிக்கும் மாதங்களில் பாதைகளை மூடிவிடுவதும் அதில் ஓர் ஏற்பாடு.

சீமையிலும் ஜப்பானிலும்

வெளிநாட்டில் யார் வேண்டுமானாலும் மலை ஏறுகிறார்களே என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உள்ள மலைகளை ஹியூ மன்றோ என்பவர் 1891-ல் பட்டியல் போட்டார். இன்றைய கணக்கில் 282 மலைகள். அவற்றின் துணைச் சிகரங்களுக்குக்கூடத் தனிப் பட்டியல்! எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஏறி முடிப்பதை வாழ்நாள் லட்சியமாக வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பொறுப்போடு நடக்கும் எவரும் மலையிலும் காட்டிலும் போகலாம் என்று 2003-ல் அங்கே சட்டமே போட்டுவிட்டார்கள்.

கோட்டைமலையை அந்த நாட்டில் கொண்டுபோய் வைத்தால் அதுதான் ராஜா. அங்கே மிக உயர்ந்த பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். ஆனால் ஸ்காட்லாந்து மலையில் யானை இல்லை. புலி இல்லை. கரடி இல்லை. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், பாதையில் எதிரே வரும் யானைக்கு அது தெரியாது.

ஜப்பானில் புஜி மலைக்குக் கூட்டம் தாங்கவில்லை. 2024-ல் அங்கே ஒரு முக்கியமான பாதையில் கதவு போட்டு, 2,000 யென் கட்டணம் வாங்கி, நாளைக்கு 4,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். 2025-ல் கட்டணம் இரட்டிப்பு ஆயிற்று. ஆக, மலை ஏறும் பழக்கம் முற்றிய நாடுகளே இப்போது கதவு போட ஆரம்பித்திருக்கின்றன.

நமக்குப் பொருத்தமான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பொதிகை மலையின் அகத்தியர் கூடம். 1,868 மீட்டர். கேரள வன இலாகா ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் அதைத் திறக்கிறது. நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு. வழிகாட்டியோடுதான் போக வேண்டும். முன்பு பெண்களை விடாமல் இருந்தார்கள். 2018-ல் கோர்ட்டு உத்தரவு வந்தது. 2019 ஜனவரி முதல் பெண்களும் ஏறுகிறார்கள். அங்கே மலையும் இருக்கிறது, மலையேறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் கோட்டைமலையையும் அதே போலத் திறக்கலாமே? இப்போது வேண்டாம் என்பதே சரி. அகத்தியர் கூடத்துக்குப் பழக்கப்பட்ட பாதை இருக்கிறது. நடுவில் தங்கும் முகாம் இருக்கிறது. பல ஆண்டு அனுபவம் உள்ள ஊழியர்கள் இருக்கிறார்கள். கோட்டைமலைக்கு இவற்றை எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குக் காட்டை வெட்ட வேண்டும். வரையாடு குட்டி போட்டு மேயும் புல்வெளியில் கூடாரம் அடிக்க வேண்டும். ஓர் ஆண்டில் சில நூறு பேர் உச்சியில் நின்று படம் எடுப்பதற்காக, கீழே இரண்டு நகரங்களுக்குத் தண்ணீர் தரும் இடத்தில் கை வைப்பது லாபமான வியாபாரம் ஆகாது.

கதவை மூடினால் மட்டும் போதுமா?

ஆனால் ஒன்று. "உள்ளே வராதே" என்று பலகை நட்டுவிட்டால் காடு காப்பாற்றப்பட்டுவிடும் என்று வன இலாகா நினைத்தால் அதுவும் தப்பு. அடிவாரத்து ஜனங்களுக்கு மலை அந்நியமாகப் போய்விட்டால், தீ பிடிக்கும்போது ஓடி வந்து அணைக்க ஆள் இருக்காது. கோடை இரவுகளில் மலையில் சிவப்புக் கோடு போலத் தீ எரிவது தெரியும். அதை வேடிக்கை பார்ப்பவர்களாக நிற்பதா, "ஐயோ, நம் தண்ணீர் எரிகிறதே" என்று பதறுவதா? மலையை ஒரு முறையாவது கிட்டே போய்ப் பார்த்தவருக்குத்தான் பதற்றம் வரும்.

ஆகவே உச்சியை விட்டுவிட்டு அடிவாரப் பாதைகளைத் தாராளமாகத் திறப்பதுதான் வழி. இப்போதைய திட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. கடினமான பாதைகளில் ஓர் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். பட்டணத்தில் சம்பாதிப்பவர்களுக்கு அது பெரிதல்ல. ராஜபாளையம் மில் தொழிலாளி மனைவி மக்களோடு போக முடியுமா? செண்பகத்தோப்பு மலை யாருக்கோ பொழுதுபோக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்குத் தூரத்துப் படம் என்று ஆகிவிடக் கூடாது. உள்ளூர்ப் பள்ளி மாணவ மாணவிகளை ஆண்டுக்கு ஒரு நாள் இலவசமாக அழைத்துப் போகட்டும். ஐந்தாறு கிலோ மீட்டர் நடந்தால் போதும். சோலை ஓடையில் கை வைத்துப் பார்த்த பிள்ளை, வீட்டுக் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போகாது.

வழிகாட்டி வேலையைப் பளியர் மக்களுக்குக் கொடுக்க வேண்டும். செண்பகத்தோப்பிலும், அய்யனார் கோவில் பக்கத்திலும், சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறையிலும் அவர்கள் குடியிருக்கிறார்கள். மலைத் தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள். யானை போன தடம் காலையில் போனதா, ராத்திரி போனதா என்று மண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். காட்டைக் காப்பதற்காக அவர்களுடைய பழைய பிழைப்பைக் குறைத்தோம். அதற்குப் பதிலாக ஒரு கௌரவமான பிழைப்பைக் கொடுப்பது தர்மம் மட்டும் அல்ல; நடப்பவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. 2006-ம் வருட வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் காட்டில் உரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. தினக்கூலிக்கு நிறுத்தாமல், கட்டணத்தில் ஒரு பங்கு அவர்கள் கிராமத்துக்கே போகும்படி செய்யலாம்.

இப்போது போக விரும்புகிறவர்கள்

அரசாங்கத் திட்டத்தில் முன்பதிவு செய்துதான் மலைப் பாதையில் நடக்க வேண்டும். "எனக்கு வழி தெரியும், வாருங்கள்" என்று தனியார் யாராவது அழைத்தால் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது என்பதையும் படித்துப் பாருங்கள். குரங்கணியில் கவனிக்கத் தவறியது அதைத்தான்.

ஏற்ற காலம் மழை நின்ற பிறகு வரும் டிசம்பர் கடைசியும் ஜனவரியும். பிப்ரவரிக்குப் பிறகு தீ அபாயம். அக்டோபர், நவம்பரில் ஓடை அபாயம். பளிச்சென்று நிறம் காட்டும் சட்டையைத் தவிர்த்து மங்கலான நிறத்தில் உடுத்துவது நல்லது. வாசனைத் தைலம் வேண்டாம். பாட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஓர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துச் செல்லுங்கள். காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஓடையைக் கடந்து போகும் பாதை என்றால், மலை உச்சியில் கறுப்பு மேகம் கூடியவுடன் திரும்பிவிட வேண்டும். அடிவாரத்தில் வெயில் அடிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

உச்சியைப் பார்க்க மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்குச் செலவே இல்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ராஜபாளையத்தில் இருந்து அய்யனார் கோவில் போகும் ரோட்டில் நின்று மேற்கே பாருங்கள். காற்றில் தூசி இருக்காது. மலை மடிப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தனித்தனியே தெரியும். ஒன்பது, பத்து மணிக்கு மேகம் வந்து மூடிவிடும்.